நடுகல்லின் முகப்பு

தருமபுரி வட்டாரத்துப் பல்லவர் கால நடுகல் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பது இறந்தவனின் பெயரன்று. ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவன் ஒருவன். அவனுக்காகக் கல் எடுத்தவர்கள் அவனைச் சேர்ந்தவர்கள். கல்லின் நடுவே வில்லும் வாளும் ஏந்தி நிற்பதும் அவனே. ஆயினும் எழுத்து தொடங்குவது, அவன் நேரில் கண்டிருக்க வாய்ப்பே இல்லாத ஓர் அரசனின் பெயரில். 'கோவிசைய' என்றொரு சொல். அதையடுத்து அரசன் பெயர். 'பருமற்கு யாண்டு' என்று சொல்லி ஆட்சியாண்டு. இவ்வளவும் முடிந்த பிறகே நாடும் தலைவனும் பூசலும் வீரனும் வருகின்றனர்.

இந்த முன்பகுதியை முகப்பு என்று அழைப்போம். கல்வெட்டு ஆய்வில் முகப்பு பெரும்பாலும் காலத்தைக் கணிக்கும் கருவியாகவே பயன்படுகிறது. ஆண்டைக் குறித்துக்கொண்டு ஆய்வாளர் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுகிறார். ஆனால் அந்த முகப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது யாருக்காக எழுதப்பட்டது, யாரெல்லாம் அதைத் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள், வளைத்ததால் நமக்குக் கிடைத்ததென்ன, நாம் இழந்ததென்ன என்ற கேள்விகளுக்குத் தருமபுரிக் கற்கள் விடை சொல்லக்கூடியவை.

தருமபுரி, பழைய தகடூர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2004இல் அதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது. கிழக்கே செங்கம் பகுதி. இம்மூன்று வட்டாரங்களும் சேர்ந்த நிலப்பரப்பே தமிழகத்தில் எழுத்துடைய நடுகற்கள் மிகச் செறிந்து கிடைக்கும் பகுதி. 1970களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை ஊர் ஊராகச் சென்று இக்கற்களைப் படியெடுத்தது. செங்கம் நடுகற்களும் தருமபுரிக் கல்வெட்டுகளும் தனித்தனி நூல்களாக வெளிவந்தன. பேரரசுகளின் தலைநகர்களையே பார்த்துக்கொண்டிருந்த தென்னிந்திய வரலாற்றெழுத்தில், மாடு மேய்ப்பவனும் எல்லைக் காவலனும் பெயருடன் நுழைந்தது பெருமளவு அந்த நூல்களின் வழியாகத்தான்.

முகப்பு தொடக்கத்திலிருந்தே இருந்த ஒன்றன்று. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவனுக்கு எடுத்த கல். கல், ஆள், ஊர், ஆநிரைப் பூசல் என்று சில சொற்களில் செய்தி முடிந்துவிடுகிறது. அரசன் இல்லை, ஆண்டும் இல்லை. எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. கல் நின்ற இடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அனைவருக்கும் அது எப்போது நடந்தது என்று தெரியும்.

சில நூற்றாண்டுகள் கழித்து வடதமிழகத்தில் எழுந்த கற்களில் நிலைமை மாறிவிடுகிறது. கோவிசைய சிங்கவிண்ண பருமர், கோவிசைய மயிந்திர பருமர், கோவிசைய நரைசிங்க பருமர் என்று பல்லவ மன்னர்கள் வரிசையாகக் கல்லில் ஏறுகின்றனர். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் ஆகியோரையே கல் இவ்வாறு அழைக்கிறது. வர்மன் என்ற வடசொல் நாட்டார் நாவில் பருமர் ஆகிவிட்டது. எழுத்தும் அரசவை எழுத்தன்று. பல்லவர் தம் கோயில்களிலும் செப்பேடுகளிலும் கிரந்தத்தையும் தமிழெழுத்தையும் ஆண்ட காலத்தில், இம்மேட்டு நிலத்தின் நடுகற்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டன.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். அதே பல்லவ அரசின் செப்பேடுகளுக்கும் முகப்பு உண்டு. இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுந்த காசாக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இறைவாழ்த்து, பிரமனில் தொடங்கும் வம்சாவளி, முனிவர்கள், அசுவத்தாமன், பல்லவன், அவன் வழிவந்த மன்னர்களின் வெற்றிகள் என்று விரிந்து சென்ற பிறகே கொடையின் விவரத்துக்கு அது வருகிறது. அதைப் படிக்க வேண்டியவர்கள் நிலம் பெற்ற பிராமணர்கள், நாட்டார், அரசு அலுவலர், எதிர்காலத்து அரசர்கள். உரிமையை யாரும் மறுக்காதிருக்க, கொடுத்தவனின் தகுதியை முழுதாக நிறுவ வேண்டியிருந்தது. நடுகல் எடுத்தவனுக்கு அந்தத் தேவை இல்லை. அவனிடம் இருந்தது ஓர் ஆள் உயரம்கூட இல்லாத பலகைக்கல். அதன் பெரும்பகுதியை உருவம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய மேல்விளிம்பில் சில வரிகள். ஆகவே பிரமன் முதலான வம்சாவளி முழுவதும் 'கோவிசைய' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. அரசன் ஒருவனே, அவனுடைய பெயரை இரு வேறு பயனர்கள் இரு வேறு அளவுகளில் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று மென்பொருள் எழுதுபவர்கள் இதே சிக்கலை வேறு உருவில் எதிர்கொள்கிறார்கள். ஒரு நிரலின் நினைவகத்தில் கிளைகிளையாகப் பரந்து கிடக்கும் தகவலைக் கோப்பில் சேமிக்கவோ இன்னொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமானால், அதை ஒரே நீண்ட சரமாகக் கோக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அச்சரத்தைப் பிரித்துப் பழைய உருவத்தை மீட்க வேண்டும். இதற்கு வரிசையாக்கம் என்று பெயர். இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஆயத்த நிரல் தொகுதிகள் உள்ளன. சரத்தின் தொடக்கத்தில் வைக்கப்படும் சில எழுத்துகள், இது என்ன வகை, எந்தப் பதிப்பு, எவ்வளவு நீளம் என்று அறிவிக்கும். அதுவும் முகப்புதான்.

சில முகப்புகள் நம் கல்வெட்டுகளை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஜிஃப் படக்கோப்பு ஆறு எழுத்துகளுடன் தொடங்கும். முதல் மூன்று வடிவத்தின் பெயர். அடுத்த மூன்று '87ஏ' அல்லது '89ஏ' என்ற ஆண்டுக் குறிப்பு. பெயரும் யாண்டும்! ஜிப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. அதை வடிவமைத்த பில் காட்ஸ் என்பவரின் பெயர் முதலெழுத்துகள் அவை. மறுமுனையில், கூகுள் 2008இல் பொதுவெளியில் வைத்த புரோட்டோகால் பஃபர்ஸ் தன் செய்திகளுக்கு முகப்பே வைப்பதில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை வேறோர் ஏட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். முகப்பு வேண்டுபவர் தாமே ஒன்றைச் செய்து முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

இவற்றுக்கிடையே முடிவில்லாத ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே முகப்பை விதித்தால் எவரும் எதையும் படிக்கலாம். ஆனால் வயல்வெளியில் நட்ட ஒரு சிறு உணரி, சில எழுத்தளவே உள்ள வெப்பநிலையை அனுப்புவதற்கு அதைவிடப் பெரிய முகப்பைச் சுமக்க நேரும். ஆளுக்கொரு முகப்பு என்று விட்டுவிட்டால் சுமை குறையும். ஆனால் பத்தாண்டுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறப்பவர் திகைத்து நிற்பார். ஆகவே பக்குவமான வடிவமைப்பாளர்கள் நடுவழி ஒன்றைத் தேடுகிறார்கள். மாறாத சிறு பகுதி ஒன்று. பயனர் தம் தேவைக்கேற்பச் சேர்க்கவும் விடவும் கூடிய பகுதி ஒன்று. மகேந்திரவர்மன் காலத்துக் கல்தச்சன் இந்த நடுவழியை அறிந்திருந்தான்.

சான்று, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல். தருமபுரியின் அரூர்ப் பகுதிக்கு எல்லையாக அமைந்த இந்நிலத்தில் நடுகல் மரபு ஒன்றே. மயிந்திர பருமரின் 34ஆம் ஆண்டு என்று அந்தக் கல்வெட்டு தொடங்குகிறது. அடுத்து வாணகோ அரைசர் என்ற தலைவனும் அவனைச் சார்ந்தோரும். பிறகு கருந்தேவகத்தி என்ற வீரன், எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்தான் என்ற செய்தி. இந்த இடத்தில் கல் முடிந்திருக்கலாம். அமைப்பு கேட்ட புலங்கள் அனைத்தும் நிரம்பிவிட்டன. ஆனால் எழுதியவர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருந்தது. கோவிவன் என்ற நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று ஒரு செய்தியைச் சேர்த்தார்கள். உருவத்திலும் வீரனுக்குப் பின்னே அந்த நாய் நிற்கிறது.

ஓர் எருமைக் கொட்டிலின் நாய்க்குப் பல்லவப் பேரரசன் பெயருடன் ஒரே கல்லில் இடம் கிடைத்தது எப்படி? முகப்பு குறுகியதாக இருந்தது. உடல் திறந்ததாக இருந்தது. முகப்பு அரசனுக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு விலகிக்கொண்டது. மீதியிடம் ஊராருடையது. புலியைக் குத்தி இறந்தவனுக்கும் பன்றி வேட்டையில் இறந்தவனுக்கும் தொறு மீட்டு இறந்தவனுக்கும் அதே அமைப்பு பொருந்தியது. 'பட்டான் கல்' என்ற முடிவும் 'கோவிசைய' என்ற தொடக்கமும் இரு கரைகளாக நிற்க, இடையே எந்த மரணமும் ஓடலாம்.

ஆட்சி மாறியபோதும் இவ்வமைப்பு தாங்கியது. தகடூர் நிலம் பல்லவர், கங்கர், வாணர், நொளம்பர், சோழர் எனப் பலர் கைபட்ட எல்லைப்புறம். கங்க மன்னன் ஸ்ரீபுருஷனும் பல்லவரைப் போலவே கோவிசைய என்ற அடைமொழியுடனும் பருமர் என்ற ஈற்றுடனும் இவ்வட்டாரக் கற்களில் இடம்பெறுகிறான். அரசன் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பெயரைப் பொருத்தினால் போதும். மற்றவை அப்படியே நிற்கும். எந்த அரசனுக்கு வரி கட்டுவது என்ற கேள்வி அடிக்கடி மாறிய நாட்டில், கல்தச்சனுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு எளிது என்று எண்ணிப் பார்க்கலாம்.

நொளம்பர் வந்தபோது மாற்றம் ஆழமாயிற்று. தருமபுரி நகரிலேயே கிடைத்த மகேந்திர நொளம்பனின் கல்வெட்டு கன்னட மொழியில் உள்ளது. அது சமணப் பள்ளி ஒன்றுக்கு அளித்த கொடையைச் சொல்கிறது. அதன் ஆண்டு சக 815, அதாவது கி.பி. 893. மொழி மாறியதைக் காட்டிலும் ஆண்டுக் கணக்கு மாறியது முக்கியமானது. ஆட்சியாண்டு என்பது அரசர் வரிசை தெரிந்தவர்களுக்கு மட்டுமே பொருள் தரும். இந்த அரசன் எப்போது முடிசூடினான் என்ற செய்தி கல்லுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. புரோட்டோகால் பஃபர்ஸின் எண்களைப் போல, அதைப் படிக்க இன்னோர் ஏடு வேண்டும். சக ஆண்டு தனக்குத் தானே போதுமானது. ஓர் எண்ணைக் கூட்டினால் நம் காலக்கணக்கு வந்துவிடும். முதலாவது அன்றைய ஊராருக்கான முகப்பு. இரண்டாவது, எழுதியவர் கருதினாலும் கருதாவிட்டாலும், பிற்கால வாசகனுக்கும் கைகொடுக்கும் முகப்பு.

சோழர் முகப்பில் வேறொரு சிக்கல் இருந்தது. சோழ மன்னர்கள் மாறிமாறி இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சூடினர். கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு இத்தனை என்று மட்டும் சொல்லும் கல்வெட்டு எந்தப் பரகேசரியைக் குறிக்கிறது என்பதை எழுத்தமைதி கொண்டும் உள்செய்தி கொண்டும்தான் ஊகிக்க முடியும். முதலாம் பராந்தகனுக்கு மட்டும் 'மதிரை கொண்ட' என்ற அடை சேர்ந்ததால் குழப்பம் தீர்ந்தது. இந்த அடைகளின் பெருவளர்ச்சிதான் முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி. அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் அப்பகுதியின் தொடக்கச் சொற்களே இன்னார் என்று காட்டிவிடும். அரசன் பெயருள்ள இடம் சிதைந்திருந்தாலும் ஆய்வாளர் அவனை அடையாளம் காண்பார். மெய்க்கீர்த்தியிலும் நீண்டதும் குறுகியதும் உண்டு. எந்தக் கோயிலில் எவ்வளவு சுவர் இருக்கிறது, எவ்வளவு செலவிட முடியும் என்பதற்கேற்ப அது சுருங்கியும் விரிந்தும் நின்றது.

எனினும் மெய்க்கீர்த்தியுடன் ஒரு சமநிலை மாறியதை மறுக்க முடியாது. விளக்கெரிக்க ஆடு கொடுத்த ஒருவரின் செய்தி சில வரிகளில் முடிய, அதற்கு முன் அரசனின் படையெடுப்புகள் பல வரிகளை நிறைத்து நிற்கும். முகப்பு உடலைவிடப் பெரிதாகிவிட்டது. கோயிற்சுவரில் இது இயலும். நடுகல்லின் மேல்விளிம்பில் இயலாது. இராசராசனின் வெற்றிகள் அனைத்தையும் முதலில் பொறிக்க வேண்டும் என்று தருமபுரி ஊரார் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால், கோவிவன்களுக்கு இடமிருந்திராது. வீரனுக்கே இருந்திருக்குமா என்பது ஐயம்.

முகப்பைத் தவறாகப் படித்தால் என்னவாகும் என்பதற்கும் இந்த நிலப்பரப்பின் வடபுறம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆம்பூர், குடியாத்தம் பகுதி நடுகற்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படிக்கப்பட்டபோது, கோவிசைய என்ற முன்னொட்டும் விக்கிரமவர்மன் என்ற பின்னொட்டும் ஹுல்ட்ஷ் போன்ற அறிஞர்களுக்கு ஒரு தனிக்குலத்தின் அடையாளமாகத் தோன்றின. கங்கபல்லவர் என்று அக்குலத்துக்குப் பெயரும் இடப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் நிருபதுங்கன் முதலானோர் பல்லவரே என்று நிறுவ, கங்கபல்லவர் என்ற தனி மரபு வரலாற்று நூல்களிலிருந்து விலகியது. ஊரார் தம் வழக்கில் அமைத்துக்கொண்ட முகப்பை அரண்மனை முகப்பின் அளவுகோலால் அளந்ததன் விளைவு, இல்லாத ஓர் அரசகுலம். தனிப்பயனாக்கிய எதற்கும் இந்த விலை உண்டு. ஆக்கியவர் யார், ஏன் மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றமே ஒரு பொருளாகத் தோன்றிவிடும்.

இனி முகப்பு அழிந்த கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுகல்லின் அடிப்பாகம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்க, எழுத்துள்ள மேல்விளிம்பே வெயிலையும் மழையையும் ஏர்முனையையும் எதிர்கொள்கிறது. ஆகவே பெரும்பாலும் முதலில் சிதைவது அரசன் பெயரும் ஆண்டும்தான். அவை போனபின் அக்கல்லை எழுத்தின் வடிவம் கொண்டு இன்ன நூற்றாண்டு என்று மட்டுமே சொல்ல முடியும். ஓர் ஆண்டுக்குரியவனாக இருந்த மனிதன் நூறாண்டுக்குரியவனாகக் கரைந்துவிடுகிறான். அரசன் தன் புகழுக்காக வைத்த முகப்பு, கடைசியில் மாடு மேய்த்தவனைக் காலத்தில் கட்டி நிறுத்தும் முளையாக இருந்திருக்கிறது. அரசனுக்கு வேறு கல்வெட்டுகள் உண்டு. இவனுக்கு இந்த ஒன்றுதான்.

தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் பகுதிகளில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. பொங்கல் வைப்பவருக்கும் நேர்ந்துகொள்பவருக்கும் எழுத்து தேவையில்லை, மகேந்திரவர்மன் தேவையில்லை, இறந்தவனின் பெயரும்கூடத் தேவையில்லை. அவர்களுக்கு அக்கல் முகப்பற்ற முழுமை. அந்த வழிபாட்டினால்தான் பல கற்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றன என்பதை எந்த ஆய்வாளரும் மறக்கலாகாது. அதே வழிபாட்டின் எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மூடுகின்றன என்பதும், புதுப்பிக்கும் ஆர்வத்தில் பூசப்படும் வண்ணமும் சிமெண்டும் அதை நிரந்தரமாக அடைக்கின்றன என்பதும் உண்மையே. சாலையும் வீட்டுமனையும் விரியும்போது பூசையற்ற கற்கள் இன்னும் எளிதாக மறைகின்றன.

செய்ய வேண்டியது பெரிதன்று. பூசை நடக்கும் கல்லை அருங்காட்சியகத்துக்குப் பிடுங்கிச் செல்ல வேண்டியதில்லை. வண்ணம் பூசும் முன் ஒரு மைப்படி. அது இயலாவிட்டால் சாய்ந்த வெயிலில் எடுத்த நல்ல புகைப்படம். அதனுடன் ஊர், இடம், எடுத்த நாள் ஆகிய மூன்று குறிப்புகள். நம் கணினிகளில் குவிந்துகொண்டிருக்கும் கல்வெட்டுப் படங்களுள் எத்தனை, எந்த ஊர்க் கல் என்ற குறிப்பே இல்லாமல் கிடக்கின்றன! கல்லில் முகப்பு அழிவதற்கு மழைக்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. படக்கோப்பில் அது எழுதப்படாமலே போகிறது.

எழுத வேண்டியது சில சொற்கள்தான். எப்போது, எங்கே, யாருடைய கல் என்ற அளவில் அது குறுகியிருந்தால் போதும். மீதி இடத்தை நாய்க்கு விட்டுவிடலாம்.